ஆதரவு ஒன்று

பெயர் அல்வா.
சிரிக்காதீர்கள்,
நான் முதல் நாளே சிரித்து முடித்துவிட்டேன்.
அல்வா மெரிட் ஹாஸ்கின்ஸ்.
வெர்மான்டில் தோல் பதனிட்டவரின் மூன்றாம் மகன்,
இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினர்.
கேனிங் ரைஸ் ஆவணக் காப்பகத்தில்
அவரைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கிறேன்.
நாளொன்றுக்கு இருநூற்று நாற்பது பக்கம்,
பதினெட்டு டிகிரிக் குளிர்,
வாய்க்குள் ஆறிப்போன கோப்பி ஓ.

அவர் கொண்டுவந்தது ஒரே மசோதா:
ஆற்றுப் பாலம் கடக்கும் ஆடுகளுக்குச் சுங்கம் கூடாது.
தோற்றது.
அடுத்த தேர்தலில் அவரும்,
ஏழே வாக்கில்.
அந்த ஏழு பேரையும் எழுதி வைத்திருக்கிறார்.
மூன்றாவது பெயர் மைத்துனன்.

ஆறுதல் பரிசாகக் கட்சி கொடுத்தது எங்கள் ஊரை.
கான்சல் பதவி. சம்பளம் கிடையாது,
கொடி கட்டிய கப்பல் வந்தால் கட்டணம்.
முதல் வருடம் பதினொரு கப்பல்,
அதில் இரண்டு
கட்டாமலே பாய் விரித்துப் போயின,
அல்வாவுக்கே அல்வா.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில், சா.மெ. விலாசத்தில்,
கடன் ௱௪௰ வெள்ளி.
"தமிழ்தானே, படி" என்றார் மேலாளர்.
எனக்கும் தெரியாது.
கைப்பேசியில் தேடித்தான் படித்தேன்,
நூற்று நாற்பது.

கப்பல் பதிவேட்டின் பின்பக்கங்களில்
தலைகீழாகத் தொடங்குகின்றன உரைகள்.
"அவைத் தலைவர் அவர்களே..."
மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் சின்னக் கோடு.
சத்தமாகத்தான் படித்திருக்கிறார்,
வேறு யாரும் வராத மழைப் பிற்பகல்களில்.
ஒவ்வோர் உரையின் அடியிலும் வாக்கெடுப்பு:
ஆதரவு 1, எதிர்ப்பு 0.

யார் அந்த ஒன்று?
செலவுக் கணக்கைப் புரட்டினேன்.
"பங்கா இழுக்க, ராம்சாமி, மாதம் மூன்று வெள்ளி."
அது அவன் பெயராக இருக்காது.
துரைமார் வாயில் அன்றைக்கு
நம்மவர் அத்தனை பேரும் ராம்சாமி.
கால் விரலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு
தூங்கி விழுந்தவனின் தலையாட்டலை
எண்ணிக்கொண்டாரோ என்னவோ.

ஒரே ஒரு நாள், ஜூலை ஒன்பது,
ஆதரவு 0, எதிர்ப்பு 1.
உரையின் தலைப்பு:
வீட்டுச் செலவினங்களைச் சுருக்குதல்.

ஆகஸ்ட் கணக்கைத் தேடி ஓடின விரல்கள்.
பங்கா, மூன்று வெள்ளி.
செப்டம்பரிலும் மூன்றுதான்.
தோற்ற மசோதாவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார் மனுஷன்.

நவம்பரில் காய்ச்சல். கையெழுத்து சரிந்து சரிந்து
பதினேழாம் தேதியோடு நிற்கிறது.
செட்டியார் ஏட்டில் வட்டி மட்டும்
இன்னும் நான்கு மாதம் நடந்துபோய்
அலுத்து உட்கார்ந்துவிட்டது.

தொழில் என்ற கட்டத்தில்
அல்வாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர் என்று அடித்தேன்.
கான்சல் என்றுதான் போட வேண்டும்; திருத்துவார்கள்.
அடுத்த பதிவு:
பெயர், தெரியவில்லை.
தொழில், வாக்காளர்.
பட்டியலில் அப்படியொரு தொழில் இல்லை
என்று சிவப்பில் எழுதுகிறது திரை.

மணி ஐந்தரை.
சேமிக்காமல் மூட மனம் வரவில்லை.