மூன்று அரைப்பேர்

பொகவந்தலாவைக்கு மேலே, இரண்டாம் டிவிஷன்.
ஏழாம் லயத்தில் தொடங்கினேன்.
பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு அடுப்பு,
புகைபோக்கி இரண்டு. ஒன்றில் குருவி குடியிருந்தது.

ஊதச் சொன்னேன்.
வெள்ளைக் குழாய்க்குள் ஊதினார்கள்,
பச்சை விறகை ஊதும் அதே கன்னத்தோடு.
எட்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு மூச்சு,
இரவில் மேசையில் ஈரம் உலர்ந்து எண்ணாயிற்று.

கணக்கு சின்னதுதான்.
இந்த டிவிஷனையே மனசுக்குள்
இன்னொரு தரம் கட்ட வேண்டும்:
அதே மலை, அதே மழை, அதே ஆட்கள்,
விறகுப் புகை மட்டும் கிடையாது.
அங்கே இருமுகிறவர்களை
இங்கே இருமுகிறவர்களிலிருந்து கழி.
மீதி, புகையின் பங்கு.
நூற்றுக்கு நாற்பத்தெட்டு.

புகையை மறுபடி மூட்டிவிட்டு
ஒழுகும் தகரத்தைப் பிரித்தேன்: நாற்பத்தொன்று.
தகரத்தைத் திருப்பி வேய்ந்துவிட்டு
புல்லுக்கு மருந்தடிக்கும் தொட்டியைக் கவிழ்த்தேன்: இருபத்தாறு.

கூட்டினால் நூற்றுப் பதினைந்து.
கண்டியிலிருந்து விஜேகோன் கோல் எடுத்தார்,
"எங்கேயோ பிழை."
பிழை இல்லை, சேர்.
ஒரே நெஞ்சுக்குள் மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.
யார் லீவு போட்டாலும் வேலை நிற்கும்.

மறுவாரம் முடிவு சொல்லப் போனேன்.
பிரட்டுக்களத்தில் மழை.
படங்குச் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்தபடி
பேச்சாயி கேட்டாள்:
"அந்த நாப்பத்தெட்டுல நான் இருக்கேனா,
இல்ல மத்ததுலயா?"

தெரியாது என்றேன்.
நூறு பேரைப் பற்றித் தெரியும்,
ஒருத்தரைப் பற்றித் தெரியாது.
வகுப்பில் இதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

அவள் இருமி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.
"அப்ப இப்படிப் போட்டுக்கங்க.
பொகைக்கு ஒரு அரப்பேரு.
ஒழுக்குக்கு ஒரு அரப்பேரு.
மருந்தும் பாவம், அதுக்கும் ஒரு அரப்பேரு.
கிலோ கொறஞ்சா எங்க பேர அரையாக்குறாங்க,
இருமுனா மட்டும் ஒன்றரப் பேரு!"

களமே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார்,
கொஞ்சம் தாமதமாக.

திரும்பும் பஸ்ஸில், பனி படிந்த கண்ணாடியில்
விரலால் எழுதி
மூன்றையும் ஒரே தரத்தில் எடுத்துப் பார்த்தேன்.
எழுபத்தேழு.
மிச்சம் இருபத்து மூன்று இருமல்
எந்தப் பேரிலும் பதியாமல்
நோர்வூட் சந்தி வரைக்கும்
என் கூடவே வந்தது.