போன மாதக் கரி

தார்ப் பீப்பாயை நெட்டுக்குப் பிளந்து
நாலு கால் வைத்துத் தந்தவர்
லிந்துலை வெல்டிங் கடை பத்மநாதன்.
பாதிக்குக் காசு, மீதிக்கு எங்கள் லீக்ஸ்.
மூடி ஒரு பழைய கூரைத் தகரம்.
ஆணியால் நான் போட்ட ஓட்டைகள் ஏழு,
அடைக்க ஏழு களிமண் உருண்டை.

புவிதரன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவான்.
கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடைக் காவல்.
கையில் இரண்டு கிலோ கோழி,
சிரட்டைக் கரி ஒரு பை,
பையின் மேல் பல் தெரியச் சிரிக்கும்
ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்.

பைன் காய் அடியில், அதன் மேல்
கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிளாறு,
அதன் மேல் கரி, பை முழுதும்.
"ரெண்டு கிலோவுக்கு இவ்வளவா?"
"கணக்குப் பார்க்கிறது கடையோட போகட்டும்."

கொழுப்புச் சொட்டும்போது கரி சீறும்.
பக்கத்து நாய் வேலியில் மூக்கை வைத்திருக்கும்.
கோழி வேகும்வரை நன்றாகத்தான் பேசுவோம்.
எலும்பைச் சூப்பும்போது ஆரம்பிப்பான்:
"வத்தளையில ஒரு ரூம் இருக்கு. பிள்ளையோட வந்துடேன்."
நான் என் தபால் கந்தோர் வேலையைச் சொல்வேன்,
என் பேரில் வந்த ஏழு பேர்ச் காணியை
எடுப்பதற்குள்
குறட்டை.
பாதிப் பேச்சு அங்கேயே கிடக்கும்,
பாதிக் கரியும்.

முதல் தடவை தண்ணீர் ஊற்றினேன்.
உஸ்ஸென்று எழுந்த சாம்பல் தலையெல்லாம்.
எங்கள் பனியில் நனைந்த கரி காய
பத்து நாள் போதாது.
அடுத்த தடவை அப்படியே விட்டேன்.
விடிந்து பார்த்தால்
ஒரு சுண்டு சாம்பல்.
பிறகுதான் மூடப் பழகினேன்.
தகரத்தை இழுத்து, ஓட்டைக்கு ஓர் உருண்டை.
திறந்து விட்டால் சாம்பல்,
மூடி வைத்தால் கரி.
கரியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஞாயிறு அவன் ரயிலேறிய பின்
ஒவ்வொன்றாய்த் தட்டி
சாம்பல் பாத்திக்கு, கரி பிஸ்கட் டின்னுக்கு.
மகள் துவாரகா கடதாசித் துண்டு ஒட்டினாள்:
'அப்பா, மார்ச்.'

பழைய கரி புதிதைப் போல் அடம் பிடிக்காது.
ஒரு பைன் காய்க்கே கண் சிவக்கும்.
ஆனால் கனமில்லை, சீக்கிரம் அடங்கும்.
அதை மட்டும் நம்பினால்
நெஞ்சு வெந்திருக்கும், தொடை வெந்திராது.
ஆகவே அவன் கை கழுவப் போகும்போது
புதிதின் தலையில் பழையதைக் கொட்டுவேன்.
மேலே பற்றி, அது கீழே இறங்கும்.
இதை அவனிடம் சொன்னதில்லை.
வேறெதையோ சொல்கிறேன் என்று நினைப்பான்.

அவன் பையையே கவிழ்ப்பதால்
இரண்டாவது டின்னும் வந்தது.
ஜூனில் மண் சரிந்து ரயில் நின்றது.
ஜூலையில், "லீவு இல்ல."

ஆகஸ்டில் ஒரு சனி
போனுக்குக் காத்திராமல் தகரத்தைத் தூக்கினேன்.
புதுக் கரியும் இல்லை, கோழியும் இல்லை.
நாலு சோளம், கந்தப்பளைக் கிழங்கு,
கந்தோர் விஜிதா கொண்டு வந்த பாரை மீன் ஒன்று.
ஏப்ரல் எது, மே எது, தெரியவில்லை.
பற்றிய பிறகு
எல்லா மாதமும் ஒரே சிவப்பு.

"என்ன சத்தம்?"
"சோளம் வெடிக்குது."
"கரி யாரு வாங்கித் தந்தா?"
"நீங்கதான். மூணு மாசத்துக்கு முந்தி."
கொஞ்ச நேரம்
கொழும்பு பஸ் இரைச்சல் மட்டும்.
"அந்த வத்தளை ரூம்..."
"இருங்க" என்று மீனைத் திருப்பிப் போட்டேன்.
பிறகு சொன்னேன்.
காணி, வேலை, பிள்ளையின் பரீட்சை,
இரவில் இந்த மலை அடிக்கும் குளிர்கூட
எனக்குப் பழகிய குளிர் என்பது,
நடுவில் நிறுத்தாமல்.
அவன் தூங்கவில்லை.

தூங்கவில்லை என்றால்
ஒத்துக்கொண்டான் என்றில்லை.

காலையில் பீப்பாய்க்குள்
தீப்பெட்டி அளவில் ஏழெட்டுத் துண்டு.
டின்னில் போட்டேன், கிண்ணென்று ஒலித்தது.
கடதாசியோடு வந்து நின்றாள் துவாரகா,
என்ன எழுதுவது என்று.

ஆகஸ்ட் என்று மட்டும்
எழுதச் சொன்னேன்.