நாற்பத்தொன்று

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும்
ஒரே மையில் அடிக்கும் அச்சகம் எங்களுடையது.
சந்தியாகு வந்தபோது
சப்பாத்தில் செம்பனைத் தோட்டத்துச் சேறு,
கையில் ஒரு கௌபாய் கதை.

பெயரை மாற்றச் சொன்னார் முதலாளி.
'இதுவே மெக்சிகோக்காரன் பெயர் மாதிரிதானே இருக்கு.'
அட்டையில் அப்படியே போட்டோம்.
அரிசோனாவை அவர் பார்த்ததில்லை.
ஆனாலும் கள்ளியின் கிளை தப்பென்று
படத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்.

அதற்கு முன் பதினொரு வருடம்
தோட்டத்தில் கூகை எண்ணியவர்.
எலி பிடிக்க வளர்த்த வெள்ளைக் கூகைகள்;
கம்பத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஓர் எண்.
அவை கக்கிய உருண்டைகளைத் தேநீர் வடிகட்டியில் அலசி
எலி மண்டைகளைத் தாளில் பரப்பிக்
கணக்கு எழுதியவர்.
பிறகு புது எலிமருந்து வந்தது, நீலக் கட்டி.
முப்பது பக்கம் அறிக்கை கொடுத்தார்.
மேனேஜர் அதன்மேல் கோப்பி மங்கை வைத்ததைத்
தன் கண்ணால் பார்த்தாராம்.

கதையில் மழையே பெய்யாத ஊர்.
கிணற்றில் எவனோ நஞ்சு கலக்கிறான்.
துப்பாக்கிக்காரன் குதிரையை விட்டிறங்கி,
ஒரு குண்டும் சுடாமல்,
பிணங்களை எண்ணுகிறான்.
குப்புறவா மல்லாந்தா,
தலை எந்தத் திசையில்,
வாயோரம் ரத்தம் எவ்வளவு.

அறுபத்து நான்கு பக்கத்துக்கு நாற்பத்தொரு சாவு!
'பன்னிரண்டாக்கிடலாம் சார், தாள் மிச்சம்' என்றேன்.
'எண்ணிக்கை எண்ணிக்கைதாம்மா.'
அத்தியாயத் தலைப்பைக்கூட விட்டுக்கொடுத்தவர்
அதை மட்டும் விடவில்லை.

வில்லன் கடைசியில்
தான் கெடுத்த தண்ணீரையே குடித்துச் சாகிறான்.
விலை இரண்டு வெள்ளி ஐம்பது.
முடிவெட்டும் கடை, ஒட்டுக்கடை, சிரம்பான் பேருந்து என்று
மூன்றாம் பதிப்பு வரை போனது.
மேனேஜரின் டிரைவர்
காரில் ஏசி போட்டுக்கொண்டு படித்ததை நானே பார்த்தேன்.
மருந்து என்னவோ நிற்கவில்லை.

போன வாரம் பழைய திருத்தப் படிகளை
எடைக்குப் போடக் கட்டினேன்.
ஐம்பத்திரண்டாம் பக்கம்,
குழிக்குக் குழி எண் எழுதிய குச்சியைத்
துப்பாக்கிக்காரன் நடும் இடம்:
பதினேழு. பெண். முட்டை நான்கு, சில்லிட்டிருந்தன.

முட்டையின்மேல் என் சிவப்புக் கோடு.
ஓரத்தில் என் கையெழுத்து:
பிழை? மனுஷிக்கு ஏது முட்டை?

அதற்குக் கீழே அவர், பென்சிலில், மிகச் சிறிதாய்:
சரி. எடுத்துவிடுங்கள்.