இடப்பக்கம் வெட்டும்போது

நேரே போனால் ஒரு குறையும் இல்லை.
ஏ-ஒன்பதில் எண்பதில் விட்டாலும்
ரேடியோ மட்டும்தான் பேசும்.
மாங்குளம் சந்தியில்
ஒட்டுசுட்டான் பக்கம் வெட்டும்போதுதான்
டக், டக், டக், டக்.
என் காலுக்குக் கீழே
ஆரோ பாக்குச் சீவுகிறார்கள்.

பாட்டைக் கூட்டி வைத்துப் பார்த்தேன்.
பின் சீற்றில் இருந்த பிள்ளைத்தாச்சிக்குக் கேட்டுவிட்டது.
"அக்கா, மாஞ்சோலை ஆஸ்பத்திரி மட்டும் இது போகுமே?"
போனது. பெடியன் பிறந்தான்.
சத்தம் என்னோடு திரும்பி வந்தது.

றெஜினோல்ட்டின் கராஜில் பாதிக்குத்தான் தகரம்,
மிச்சப் பாதிக்குப் பாலைமரம்.
அவன் பொனற்றைத் திறக்கவேயில்லை.
"கிறவுண்டுக்கு விடுங்கோ" என்றான்.

விடுமுறை. ஆளில்லாத பள்ளிக்கூட மைதானம்.
"இடப்பக்கம் முழுசா வெட்டுங்கோ.
அமத்தாதேங்கோ, சும்மா உருட்டுங்கோ."
நான் சுற்றினேன்.
வட்டத்தின் நடுவில் நின்று
அவனும் சுற்றினான்,
வலக்காதை மட்டும் காருக்குக் காட்டியபடி.
நாலாவது சுற்றில்தான் விளங்கியது
மற்றக் காது வேலையில்லை என்று.

பிறகு வலப்பக்கம். ஒரு சத்தமும் இல்லை.
கோல் கம்பத்தடியில் நின்ற மாடு
எங்களைப் பார்த்து அலுத்துப் படுத்தது.

"வலது முன்சில்லு. வெளி ஜொயின்ற்."
"இடப்பக்கம் திரும்பேக்கதானே கத்துது?"
"இடப்பக்கம் திரும்பேக்க
வலப்பக்கம்தான் சுமக்கும்.
சுமக்கிறதுதானே கத்தும்."
சொல்லிவிட்டு ஜக் தேடப் போனான்.

அக்சில் நட்டு அசையவில்லை.
திறப்புக்குக் குழாய் மாட்டி
அதன்மேல் ஏறி நின்று
இரண்டு தரம் துள்ளினான்.
உள்ளே றப்பர் கிழிந்து
வாய் பிளந்து கிடந்தது.
சில்லின் உட்பக்கமெல்லாம் கிறீஸ் விசிறியிருந்தது.
ஒரு விரலில் தொட்டு
மற்ற விரலோடு தேய்த்துப் பார்த்தான்.
"இது எங்கட கிரவல் இல்லை, அது சிவப்பு.
இது கடல் மணல். எங்க விட்டனீங்கள்?"

வைகாசியில் ஒரு ஹயர்.
அஞ்சு பேர், ஒரு மாலை,
ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தல்.
கரைக்குக் கிட்டவாகச் சில்லுப் புதைந்தது.
வெள்ளைச் சீலையோடு இறங்கித் தள்ளினார்கள்.
காசு நீட்டினார்கள், நான் வாங்கவில்லை.
லீசிங்காரன் அந்த மாதம் வீட்டுக்கே வந்தான்.

"வட்டுவாகலுக்கு அங்கால"
என்று மட்டும் சொன்னேன்.
அவன் தலையை ஆட்டினான்.
"மணல் போனா அரைக்கும்தான்."

மண்ணெண்ணெய்த் தட்டத்தில்
ஒவ்வொன்றாய் ஆறையும் கழற்றிப் போட்டான்.
போள்ஸ், போள்ஸ் என்றான் ஒவ்வொரு தரமும்.
தமிழில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது.
அவன் அதைச் சொல்லவில்லை,
நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.
எல்லாம் தேய்ந்து குழி விழுந்திருந்தன.

சாமான் வவுனியாவிலிருந்து
இரண்டு மணி பஸ்ஸில்
கொண்டக்டரின் காலடியில் வந்தது,
புரியாத எழுத்துப் பேப்பரில் சுற்றி.
ஜப்பானில் எந்தெந்த முடக்கெல்லாம் திரும்பியதோ.
பதினாலாயிரம்.
பாதி இன்றைக்கு, பாதி நெல்லு வெட்டினாப் பிறகு.
எனக்கு வயல் இல்லை. அவனுக்கும் அது தெரியும்.

பொழுது படமுன் திரும்பவும் மைதானம்.
இடம். இடம். இன்னும் இடம்.
புல்லு நசிவது கேட்டது,
தூரத்தில் ஒரு தண்ணிப் பம்பு கேட்டது.
"உங்களுக்கு ஏதும் கேக்குதே?"
"இல்லை."
"எனக்கு ஒண்டு கேக்குது."
பிரேக்கை மிதித்தேன்.
"சீச்சீ, அது காரில்லை.
அது எப்பவும் கேக்கிறது.
நீங்கள் போங்கோ."

அடுத்த நாள் மாங்குளம் சந்தியில்
கண்ணாடியை இறக்கி
ரேடியோவை நிப்பாட்டி
மெல்ல, மெல்ல வெட்டினேன்.
பின்னால் வந்த மணல் டிப்பர்
ஹோர்ன் அடித்தது, பிறகும் அடித்தது.
அடிக்கட்டும்.
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.