அட்டைக் கொக்கு

ஓஸ்திராவாவில் என் வீட்டு நிலவறையில்
பதினோரு தொட்டிகள்.
முன்பு நிலக்கரி கொட்டிவைத்த இடம்.
சுவரைத் தொட்டால் இன்னும் விரல் கறுக்கும்.

பார்க்க அழகான மீன் ஒன்றும் இல்லை.
சுண்டுவிரல் நீளம், சேற்று நிறம்,
வாலோரம் மட்டும் எலுமிச்சைத் தோல்போல் ஒரு கோடு.
மெக்ஸிகோவில் ஒரே ஓர் ஊற்றில் இருந்தவை.
கரும்புக்கு இறைத்து இறைத்து
அந்த ஊற்று வெறும் குழியானது.
அதற்கு எட்டு வருடம் முன்பே யாரோ ஒருவர்
பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தார்,
எவரிடமும் கேட்காமல்.
திருட்டுதான்.
அந்தத் திருட்டின் நாற்பதாவது தலைமுறைக்குத்தான்
தினமும் காலை ஏழு மணிக்கு நான் தீனி போடுகிறேன்.

ஜனவரியில் மின்சாரம் போன இரவு
வெந்நீர்ப் புட்டிகளைத் தொட்டிகளில் இறக்கி
டிராம் ஓட்டிய காலத்துக் கோட்டைக்
கண்ணாடிமேல் போர்த்திவிட்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
"உனக்குப் பிறகு இதெல்லாம் யாருக்கு, அத்தை?"
என்றாள் ஸ்வதாவா, படியிலேயே நின்றுகொண்டு.
அவள் கீழே இறங்குவதில்லை. நாற்றமாம்.

போன மாதம் ஒரு கடிதம்.
ஊற்றில் மறுபடியும் இடுப்பளவு நீர்,
நாற்பது மீன் அனுப்ப முடியுமா என்று
நயேலி என்ற பெண் எழுதியிருந்தாள்.
அடியில் தனியாக ஒரு வரி:
நிழல் விழுந்தால் ஒளிகின்றனவா?

விளக்கைப் போட்டுக் கையை நீட்டினேன்.
நிழல் நீரில் விழுந்ததும்
அத்தனையும் மேலே வந்தன,
வாய் திறந்து.

இருபத்திரண்டு வருடம்
அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

செருப்புப் பெட்டி அட்டை, உடைந்த குடைக்கம்பி,
நனையாமலிருக்க மெழுகு.
கொக்கு செய்தேன்.
அலகு கொஞ்சம் நீண்டுவிட்டது.
மூன்றாம் தொட்டிமேல் அதை இறக்கினேன்.
முதல் நாள் அலகைக் கடித்து விளையாடின.
இரண்டாம் நாளும்.
நான்காம் நாள்
கம்பியால் உண்மையாகவே ஒன்றைக் குத்தினேன்.

ஒரு துளி இரத்தம்கூட இல்லை,
இழைபோல் ஏதோ நீரில் பிரிந்தது, அவ்வளவுதான்.
மற்றவை கல்லிடுக்கில் போய் ஒட்டிக்கொண்டன.
செத்ததைச் செய்தித்தாளில் சுற்றி
ஜெரேனியம் தொட்டியில் புதைத்தேன்.
அதற்குப் பெயர் கிடையாது.
எதற்குமே பெயர் வைத்ததில்லை.
இப்படி ஒரு நாள் வரும் என்று
எனக்கு முன்பே தெரியுமோ என்னவோ.

இன்று காலை ஏழு மணிக்குப் போனேன்.
என் நிழல் விழுந்தது.
மூன்றாம் தொட்டியில் ஒன்றும் வரவில்லை.
தீனி மிதந்து, ஊறி, தரைக்கு இறங்கியது.
'ஒளிகின்றன' என்று நயேலிக்கு எழுத வேண்டும்.
பேனாவை எடுத்தாகிவிட்டது.

மற்ற பத்துத் தொட்டிகளில்
நீர்மட்டம் முழுக்கச் சின்னச் சின்ன வாய்கள்.
கொக்கு ஆணியில் தொங்குகிறது.
அலகிலிருந்து சொட்டுகிறது.
முதலில் எந்தப் பக்கம் திரும்புவது என்று
தீனி டப்பாவோடு நிற்கிறேன்.