முதல் டம்ளர்

எனக்கு ஒருநாளும் விழாத நாலு நம்பர்
ரத்தத்தில் விழுந்திருந்தது.
பலதுறை மருந்தகத்தில் தாதி வாசிக்க வாசிக்க
முதல் பரிசு, இரண்டாம் பரிசு,
ஆறுதல் பரிசு என்று
மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
மூன்று மாதம் தந்தார்கள்.

சாறு பிழியும் இயந்திரம்
செங்காங்கில் ஒரு புதுமணத் தம்பதியிடம் கிடைத்தது.
கல்யாணப் பரிசாம், பெட்டியே பிரிக்கவில்லையாம்,
நாற்பது வெள்ளி.
"தினமும் குடிப்பீங்கதானே?" என்று கேட்டாள் அந்தப் பெண்,
வளர்க்க முடியாத நாய்க்குட்டியைத்
தத்துக் கொடுப்பவள் போல.
ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.

யீஷூன் ஈரச்சந்தையில்
கேரட் இரண்டு கிலோ, செலரி ஒரு கட்டு,
பச்சை ஆப்பிள், இஞ்சி, ஒரு பாகற்காய்,
பிறகு பீட்ரூட். அதன் நிறம் பிடித்துப்போய்
ஆறு வாங்கிவிட்டேன்.
"முயல் வளர்க்கிறியா?" என்றாள் காய்க்காரி, மலாயில்.
"ஆமா, தொண்ணூற்றிரண்டு கிலோ முயல்" என்றேன்.

முதல் பேருந்தை எடுக்கிறவனுக்கு
விடியல் என்பது மூன்றே முக்கால்.
பொத்தானை அழுத்தினேன்.
கேரட் இப்படிக் கத்தும் என்று யாரும் சொன்னதில்லை.
மேல் வீட்டில் விளக்கு எரிந்தது.
எதிர் பிளாக்கில் ஒரு நாய்
தன் இனம் என்று நினைத்துப் பதில் சொன்னது.
சாறு வரும் வாயின் கீழ்
குவளை வைக்க வேண்டும் என்பது
கையேட்டின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.
நான் மூன்றாம் பக்கத்தில் நின்றிருந்தேன்.
தரையெல்லாம் சிவப்பு.
கூந்தலை முடிந்தபடி வந்த செங்கமலம்
வாசலிலேயே நின்று கேட்டாள்:
"யாரைக் கொன்னீங்க?"

மீதி இருந்த மூன்று பீட்ரூட்டையும்
மறுபடி போட்டேன். பிடிவாதம்.
டம்ளர் நிறைய மண் வாசனை.
மழைக்கு முந்தின மண் இல்லை,
கழுவ மறந்த மண்.
மூச்சைப் பிடித்துக் குடித்தேன்,
உடனே ஆரோக்கியமாக உணர்ந்தேன்.
நாற்பது வெள்ளிக்கு அப்படித்தான் உணர வேண்டும்.

முக்கால் லிட்டர் செலரியும் பீட்ரூட்டும்
விரைவுச்சாலையில் என்ன செய்யும் என்று
எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.
இறங்குகிற ஒவ்வொருவரும்
அட்டையைத் தட்டிவிட்டு நிதானமாக நன்றி சொன்னார்கள்.
நான் பல்லைக் கடித்துத் தலையாட்டினேன்.

நிலையக் கழிப்பறையில் குனிந்து பார்த்தால்
சிவப்பு.

ஐம்பத்தொரு வயது. வீட்டுக் கடன் ஏழு வருடம் பாக்கி.
மகனுக்குத் தேசிய சேவை முடியவில்லை.
செங்கமலத்துக்கு மசேநிதிக் கடவுச்சொல் தெரியாது.
கை நடுங்க அழைத்துச் சொன்னேன்.
மறுமுனையில் மௌனம்.
பிறகு ஒரு சிரிப்பு தொடங்கியது பாருங்கள்,
குவளை வைக்காத இயந்திரம் மாதிரி
நிற்கவே இல்லை.
"மூணு பீட்ரூட்டு, ஐயா. மூணு!"

அடுத்த கழிப்புக்கூட்டில் இருந்த ஹோக் செங்
கதவைத் தட்டி, எல்லாம் சரியா என்றான்.
எல்லாம் சரி என்றேன்.
அன்று சாலை முழுக்கப் பச்சை விளக்காகவே விழுந்தது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

இப்போது பாதி பீட்ரூட்தான்.
ஒரு ஆப்பிள், விரல் கணு அளவு இஞ்சி,
கடைசியில் கசகசவென்று ஒரு எலுமிச்சை.
பாகற்காயைப் பற்றிப் பேச விரும்பவில்லை.
முந்தின இரவே பிழிந்து
குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன்,
மேல் வீட்டுக்காரர்கள் மின்தூக்கியில்
மறுபடி முகம் பார்க்கிறார்கள்.
குடிப்பது இரண்டு நிமிடம்,
சல்லடை கழுவுவது இருபது.
உடனே தேய்க்காவிட்டால்
நார் சிமெண்டாகிவிடுகிறது.

சக்கையைக் கொட்ட மனசு வரவில்லை செங்கமலத்துக்கு.
கடலைப்பருப்பு, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துத்
தட்டித் தட்டி
எண்ணெயில் போட்டாள்.
ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே இளஞ்சிவப்பாய்
பதினோரு வடை.

மூன்று மாதம் முடிய
இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.
ஏழாவது வடையை எடுக்கிறேன்.