டேப்பின் மறுமுனை

ராயக்கோட்டை மலைமேல்
அளக்க வந்தவர் ஒருமுனை பிடித்தார்.
முந்நூறு ரூபாய்க் கூலிக்கு மறுமுனை நான்.

வடக்கு மதிலில் நாற்பதடி காணோம் என்றார்.
எந்தப் படையெடுப்போ என்று
நோட்டில் ஒரு கேள்விக்குறி.

கீழே கெம்பம்மா மாட்டுக்கொட்டாயில்
பதினொரு கல், பழைய சுண்ணாம்போடு.
எங்கள் கிணற்றடியில் எட்டு.
அதிலொன்றில் மீன் செதுக்கியிருக்கும்;
அந்த மீன்மேல் அடித்துத்தான்
என் சட்டை வெளுக்கிறது.
மீதி, மாரப்பன் கல்யாணத்துக்கு எழுப்பிய சுவர்.

டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சந்தையில் அன்று கிலோ மூன்று ரூபாய்.
கூடை கூடையாய்த் தக்காளியை
ரோட்டோரம் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.
மேலிருந்து பார்த்தவர் கேட்டார்,
"அதென்னப்பா அவ்வளவு சிவப்பு?"

"இந்தப் போகம் தோத்தது, சார்."

அதற்கு அவர் நோட்டில்
கட்டம் இல்லை.